பூனை நக்கின கம்ப்யூட்டர்

பிள்ளைகளா, அக்கா லீவுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு கதையை எடுப்பீர்கள். பூனை கம்ப்யூட்டரை நக்கின கதை. அந்நேரம் மாமாவும் வந்துவிட்டால் சத்தம் இன்னும் கூடும். அவரே பூனை மாதிரி நாக்கை நீட்டி நடித்துக் காட்டுவார். நீங்கள் புரண்டு புரண்டு சிரிப்பீர்கள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்பாவுக்கு இன்னும் கோபம் போகலை என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

போகலைதான். போகவும் வேண்டாம். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். உங்களுக்குப் பூனை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மற்றதை நான் எழுதிவைக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததில் பிழை இல்லை.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் பாடம். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. நம் தெருவில் படித்த பெண்பிள்ளைகள் எல்லாரும் நர்சிங்தான் போயிருந்தார்கள். போனவர்கள் எல்லாருக்கும் வேலையும் கிடைத்திருந்தது. நம் ஆட்களில் கம்ப்யூட்டர் படித்து யார் என்ன கண்டார்கள், ஒருத்தரைக் காட்டுங்கள் என்று கேட்பாள். எனக்குக் காட்ட ஆள் இல்லை. கடைசியில் வீட்டுக்குள் ஒரு பேச்சு முடிவானது. பிராக்டிகல் பரீட்சையில் அக்கா நல்ல மார்க் எடுத்தால் காலேஜிலும் கம்ப்யூட்டரே படிக்கலாம். குறைந்தால் மறுபேச்சு இல்லாமல் நர்சிங். அக்கா சரி என்றாள். நானும் தலையாட்டினேன். ஒரு பிள்ளை ஆசையைத் தூக்கி ஒரு காலைநேரப் பரீட்சையில் கட்டித் தொங்கவிட்டாயிற்று.

பள்ளிக்கூட லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பையன்கள் உட்கார்ந்து தட்டுவார்கள், அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டு வருவாள். பார்த்துப் பார்த்து நீச்சல் பழக முடியுமா? அதனால்தான் ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடும்போது அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்தேன். முன்பக்கம் மஞ்சள் பூத்துப்போயிருக்கும். சூடு தாங்காமல் நின்றுவிடும் என்று பெட்டியின் பக்கத்துத் தகரத்தைக் கழற்றியே வைத்திருந்தோம். அதற்கென்று ஒரு டேபிள் ஃபேன் தனியாக ஓடும். சுவிட்சைப் போட்டால் பாலத்தில் ரயில் ஏறுகிற மாதிரி ஒரு இரைச்சல். இருந்தாலும் ஓடியது. அக்கா அதில் பைத்தான் படித்தாள். "பாம்புப் பேரை வச்ச படிப்பு" என்று அம்மா முணுமுணுப்பாள்.

அது தவக்காலம். வழக்கமாக நாம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் கவிச்சி சேர்க்க மாட்டோம். அந்த வருஷம் அக்கா பரீட்சைக்காக அம்மா நேர்ச்சை வைத்து, சாம்பல் புதனிலிருந்தே மீன் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். எந்தப் படிப்பு வேண்டாம் என்கிறாளோ அந்தப் படிப்புக்கே நேர்ச்சையும் வைப்பாள், உங்கள் அம்மாவை இன்றைக்கும் எனக்குப் புரியாது. கடலுக்குப் போகிற வீட்டில் தினமும் சாம்பார். பூனை எந்த நேர்ச்சையும் வைக்கவில்லை. அது வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

கவிச்சி என்றேனே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். நம் வீட்டில் அது நல்ல சொல். இன்னைக்குக் கவிச்சி உண்டா என்று கேட்கும்போதே வாய் ஊறும். கடல்பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனால் அதே சொல்லுக்கு ஆட்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் படிக்கும்போது, கவிச்சி அடிக்கிறது, சன்னல் ஓரமாகப் போய் உட்கார் என்று ஒரு வாத்தியார் சொன்னார். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போன கடைசி வருஷம்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். பிராக்டிகலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒருநாள் காலையில் அக்கா சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. அப்புறம் பெட்டிக்குள்ளிருந்து பீப்... பீப்... என்று நீளமாக ஒரு சத்தம். அம்மா வாசலில் லாரி ஏதோ ரிவர்ஸ் எடுக்கிறது என்று எட்டிப்பார்த்தாள்.

நான் பிளக்கை வேறு பாயிண்டில் மாற்றினேன். வயர் ஒவ்வொன்றையும் பிடுங்கி மறுபடி செருகினேன். கரண்ட் குறைவோ என்று மற்ற ஃபேனையெல்லாம் நிறுத்திப் பார்த்தேன். பீப். கடைசியில் ஆத்திரத்தில் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அப்பா, அது பழைய டிவி இல்லப்பா" என்றாள் அக்கா.

அந்தச் சத்தம்தான் அது பேசுகிற பாஷையாம். நீளமாக விட்டு விட்டுக் கத்தினால் ராம் என்கிற உறுப்பு சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தமாம். போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். மாமா அங்கனதான் டீ குடித்துக்கொண்டு நின்றார். மாமா அம்மாவின் தம்பி, என்னோடு ஒரே வள்ளத்தில் கடலுக்கு வருகிறவர். வள்ளம் அப்போது கரையில் ஏறிக் கிடந்தது, அவர்தான் அதற்கு மீனெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"ராம் போச்சுன்னா ராம்நாட்டுலதான கெடைக்கும். போய்ட்டு வாங்க மச்சான்" என்றார்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

பெட்டியைப் பழைய சேலையில் பொதிந்து, பஸ்ஸில் மடியில் வைத்து ராமநாதபுரம் கொண்டுபோனேன். கடைக்காரர் என் வயசுதான் இருப்பார். காதில் போனை இடுக்கிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். திறந்ததும் எழுந்துபோய் ஒரு ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு வந்தார். கும்பிட்டுத் தொழில் செய்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். ராமைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் விளிம்பில் இருக்கிற பற்களைத் தேய்த்தார். மாட்டினார். கடையிலிருந்த திரையில் வெளிச்சம் வந்தது. இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாகப் போனது.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். அன்று சாயங்காலம் முழுக்க அக்கா எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டாள். பீப்.

அக்கா அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அம்மா அடுப்படியிலிருந்து, "அதுக்கே பிடிக்கலை போல, இதோட விட்ருவோம்" என்றாள். நான் கத்தினேன். மெஷின் நின்றுபோனால் மெஷினைப் பார்க்க வேண்டும், பிள்ளை படிப்பை நிறுத்தக் கூடாது என்று கத்தினேன். நம் வள்ளத்து எஞ்சின் எத்தனை தடவை நடுக்கடலில் நின்றிருக்கிறது, அதற்காகக் கடலுக்கே பிடிக்கவில்லை என்று தொழிலை விட்டோமா?

அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் கோபம் வந்தது. அம்மாவுக்கும் ஒரு கோபம் இருந்தது. தவக்காலத்தில் வீட்டுக்குள் மீன் வாடை அடிக்கிறது என்று. என் வேட்டியை வெளியே கொடியில் போடச் சொன்னாள். அப்படியும் வாடை போகவில்லை. நீங்கள் ரெண்டு பேரும் பூனைக்குக் கருவாடு கொண்டுவந்து எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் முதுகில் ஆளுக்கு ஒன்று வைத்தாள். அது ஞாபகம் இருக்கிறதா? அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்க வேண்டியதுதானே? எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த எண்ணெய்க்குள்ளேயே கிடக்கிற மூக்கு.

மறுபடியும் சேலை, மறுபடியும் பஸ். இந்தத் தடவை குளித்து, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நாம் கொஞ்சம் பார்க்கும்படி போனால் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பார்கள் என்று ஒரு நினைப்பு. கடையில் இன்னொருத்தர் தன் பிரிண்டருக்காகக் காத்திருந்தார், இஸ்திரி கலையாத ஆள். கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். முகத்தைச் சுளித்தார். பெட்டியைப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, ஒரே கவிச்சி அடிக்குது?"

காத்திருந்த ஆள் சிரித்தார். சத்தமாக இல்லை, மூக்கால்.

பிள்ளைகளா, நான் அன்றைக்குக் காலையில் சோப்புப் போட்டுக் குளித்தவன். வாயில் மீன் வைத்து வாரக்கணக்காகிறது. வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன். இவ்வளவுக்கும் மேலே இன்னும் என்னதான் செய்ய வேண்டும் இவர்களுக்கு? அந்த வாத்தியார், அந்தச் சன்னல், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. என் வீட்டு மீனைத் தின்கிற வாய்தானே அது, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று வாங்கித் தின்கிறபோது அடிக்காத கவிச்சி இப்போது அடிக்கிறதா என்று கேட்டேன். அவர், இல்லண்ணே, நான் சொல்ல வந்தது என்று ஏதோ ஆரம்பித்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம், பெட்டியைக் கொடு என்றேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இது போர்டே போயிருக்கும், கடற்கரை வீட்டில் கம்ப்யூட்டர் நிற்காது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேலையைக்கூட எடுக்கவில்லை. அம்மாவுடைய சேலை இன்னும் அந்தக் கடையில்தான் கிடக்கும். திறந்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். அதற்கும் கோபம். பாலத்தில் ஏறினபோது பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாமா என்று இருந்தது. அக்கா முகம் வந்தது. போடவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அக்கா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுசு வாங்க வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். பையன்கள் பின்னாலேயே நின்று பரீட்சைக்குப் போக வேண்டியதுதான் என்பதும் தெரியும்.

அப்போதுதான் பூனை வந்தது. நேராகப் பெட்டிக்குள் தலையை விட்டு நக்க ஆரம்பித்தது. அக்கா விரட்டினாள். போய்விட்டு மறுபடி வந்து அதே இடத்தில் நக்கியது. முன்பும் அது பெட்டியை ஒட்டியே கிடக்கும். பெட்டி சூடாக இருக்கிறது, குளிர் காய வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். இப்போது பெட்டி ஜில்லென்று கிடக்கிறது. அக்கா பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தானும் குனிந்து பெட்டிக்குள் மோந்து பார்த்தாள். உள்ளே ஒரு விரலை விட்டு எடுத்தாள். விரல் பிசுபிசு என்று பழுப்பாக வந்தது, இரண்டு எறும்பும் ஒட்டிக்கொண்டு.

"அப்பா, இது மீனெண்ணெ."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து மோந்து பார்த்தாள். "நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன்ல, வீட்டுக்குள்ள கவிச்சி அடிக்குதுன்னு" என்றாள்.

நான் மாமாவைக் கூப்பிட்டேன். வள்ளத்திலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தார். அக்காதான் கேட்டாள். "மாமா, இதுல எண்ணெ தடவுனீங்களா?"

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். அதை என்னால் மறக்க முடியாது. ஒளித்துவைத்த நல்ல காரியத்தைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது என்கிற சந்தோஷம்.

"பின்ன, நீயா தடவுவ? உப்புக்காத்துல அந்தப் பித்தளைப் பல்லெல்லாம் களிம்பு பிடிச்சுரும்லத்தா. ரெண்டு பக்கமும் காது மாதிரி இருக்கு, அதை அமுக்குனா அந்தப் பட்டை கழண்டு வருது. கோழி றெக்கையால நல்லா ஊற ஊறத் தடவி மாட்டிவிட்டேன். கடையிலருந்து வந்த அன்னைக்கு, நீ ராத்திரி சாப்பிடப் போனப்ப, மறுபடியும் ஒருக்கா."

"ஏன் மாமா சொல்லலை?"

"சொல்லிட்டுச் செய்ய இதென்ன கல்யாணமா?"

"ஏலே, அது என்ன வள்ளமா?" என்று நான் எழுந்தேன். பக்கத்து வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கிறேன்.

அவருக்குப் புரியவில்லை. "எங்க அய்யா காலத்துப் பலகை இன்னும் தண்ணியில நிக்குதே மச்சான், எதுனால நிக்குது? எண்ணெயாலதான?" என்றார். எண்ணெய் ஒரு பொருளைக் கெடுக்கும் என்று அவர் தலைக்குள் ஏறவே இல்லை. கடல் ஓரத்தில் ஒரு பொருள் நிலைக்க வேண்டும் என்றால் எண்ணெய் போடு, இதுதான் அவர் படித்த படிப்பு. அக்கா பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பற்கள் வழியாகத்தான் கரண்ட் போக வேண்டும், எண்ணெய் காய்ந்து பசையாகி நடுவில் நின்றுவிட்டது, அதனால் கம்ப்யூட்டருக்கு ராம் இருப்பதே தெரியவில்லை என்று. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் நிறுத்தவில்லை. பிள்ளை படிப்புக்கே எண்ணெய் ஊத்திட்டியேடா என்றெல்லாம் கேட்டேன். இன்னும் கேட்டேன், அதை எழுதவில்லை.

அக்கா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "அப்பா, கடைக்காரரு கவிச்சின்னு சொன்னது இதைத்தான்."

அந்த ஊதுபத்தி ஞாபகம் வந்தது. பஸ்ஸில் எழுந்துபோன பெண் ஞாபகம் வந்தாள். இருக்கலாம், பெட்டியைத்தான் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் பெட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டியதுதானே, என்னை ஏன் நிமிர்ந்து பார்த்தார்? அந்த இஸ்திரிச் சட்டைக்காரர் எதைப் பார்த்துச் சிரித்தார், ராமைப் பார்த்தா? இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதுகிறேன். அன்றைக்குப் பெட்டி நாறியது உண்மை. அதற்கு முன்னால் எத்தனையோ நாள் எந்தப் பெட்டியும் இல்லாமலேயே அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன், அதுவும் உண்மை. இது தெரிந்துவிட்டதால் அது இல்லையென்று ஆகிவிடாது.

அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். எண்ணெய்ப் பசைக்கு ரப்பர் மட்டும் போதாது, ஸ்பிரிட் வேண்டும் என்றாள். நான் செருப்பைத் தேடுவதற்குள் அம்மா பையை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போய்விட்டாள். இந்தப் படிப்பே வேண்டாம் என்றவள் ஏன் ஓடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. வந்ததும் புது டூத்பிரஷ் ஒன்றையும் உறையைக் கிழித்துக் கொடுத்தாள். அக்கா ராமைக் கழற்றி, பற்களை ஸ்பிரிட்டால் துடைத்து, ரப்பரால் தேய்த்தாள். ராம் உட்காருகிற காடிக்குள் பிரஷை விட்டுத் தேய்க்க வேண்டும், உள்ளே வெளிச்சம் இல்லை.

"மாமா, வந்து டார்ச்சைப் பிடிங்க."

அவர் திரும்பவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க மாமா" என்றாள்.

அவர் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, பெட்டியில் எதுவும் பட்டுவிடக் கூடாது என்று எட்ட நின்றே டார்ச்சைப் பிடித்தார். நான் அவரோடு பேசவில்லை. ஃபேன் காற்றில் எல்லாவற்றையும் நன்றாகக் காயவிட்டு மாட்டினோம். பீப். மறுபடி கழற்றினாள். பிரஷ் முழுக்கப் பழுப்பாக வந்தது. எவ்வளவு அன்பாகத் தடவியிருக்கிறார் பாருங்கள். பக்கத்தில் சும்மா கிடந்த இன்னொரு காடியையும் விட்டுவைக்கவில்லை. மறுபடி ஸ்பிரிட், மறுபடி ரப்பர். ரப்பர் தேய்ந்து பாதியாகிவிட்டது. மறுபடியும் காயவிட்டு, மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

ஒரே ஒரு பீப். குட்டையாக. அப்புறம் அந்த ரயில் இரைச்சல், திரையில் வெளிச்சம்.

மாமா டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பிராக்டிகல் வரைக்கும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் மாமாவை நான் விடவில்லை, பூனையையும் விடவில்லை. பெட்டி நிற்கவும் இல்லை. ஆனால் வாடை போகவில்லை. சூடு ஏற ஏற மீனெண்ணெய் வீசும். அக்கா அதற்குள்ளேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். சுவிட்சைப் போடுமுன் தினமும் ராமைக் கழற்றித் துடைத்துத்தான் மாட்டுவாள். கை, தலைமுடி, யூனிபார்ம் எல்லாம் அதே வாடை.

பிராக்டிகல் அன்று நான்தான் கூடப் போனேன். பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகள் பவுடர் போட்டு, திருநீறு வைத்து, சிலுவை போட்டு, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சை வாத்தியார் எங்களைத் தாண்டி உள்ளே போனார். அக்கா அவரையே பார்த்தாள். அப்புறம் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. கவிச்சி அடிக்குதா?"

என் மூக்குக்கு எதுவும் தெரியாது. பிறர் மூக்குக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் உள்ளே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் பார்த்த மாதிரி.

"அடிக்குது" என்றேன். "அப்படியே போ. போய் முன்னால உட்காரு."

அக்கா கையை யூனிபார்மில் துடைக்கக்கூட இல்லை. உள்ளே போனாள்.